காதுக்காரரின் வெள்ளைக் குடை

“இருபத்தேழு வருஷத்துல, என் கேமரா முன்னாடி வந்த எதையும் நான் எடுக்காம விட்டதில்ல” என்று புகைப்படக்காரர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார் காதுக்காரர். சபை அசையாமல் உட்கார்ந்திருந்தது. சாப்பாடு இன்னும் வரவில்லை.

பாஸ்போர்ட் படத்தில் அவர் சக்கரவர்த்தி. எதிரே உட்காருகிறவர் யாரானாலும் “ரெண்டு காதும் தெரியணும்” என்று அதட்டி, முன்னால் விழும் முடியை கிளிப் போட்டு ஒதுக்கிவிடுவார். பட்டப்பெயர் வந்த வரலாறு அதுதான்.

அந்தக் கோடையில் ஸ்டூடியோவின் பின்சுவரோரச் செம்பருத்தியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்தது. அவை முதன்முதலாகப் பறக்கும் படம் சங்கப் போட்டிக்குப் போகப்போகிறது என்று காதுக்காரர் தெருவெல்லாம் சொல்லிவிட்டு, பின்வாசலில் முக்காலி போட்டுத் தவம் கிடந்தார். வாடிக்கையாளர்கள் தங்கள் காதுகளோடு அடுத்த ஸ்டூடியோவுக்குப் போனார்கள்.

குஞ்சுகளுக்கோ பாஸ்போர்ட் விதிகள் தெரியவில்லை. இலைகள் முகத்தை மறைத்தன. பழக்கதோஷம், கிளையை வளைத்து கிளிப் போட்டார். கூட்டுக்குள் வெயில் பளீரென்று விழுந்தது. தாய்க்குருவி வந்து விளிம்பில் இரண்டு இறக்கையையும் விரித்து நின்றது. காதுக்காரர் படமாக எடுத்துத் தள்ளினார்.

படங்களைத் திருத்துவது மனைவியின் வேலை. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“என்னங்க, இது ஏன் வாயைத் திறந்துக்கிட்டே நிக்குது?”

“போஸ் குடுக்குது.”

“நாப்பது படத்துலயுமா? ஒண்ணுலகூட வாயில இரை இல்ல.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“வெக்கை தாங்காம வாயைப் பொளந்துக்கிட்டு, குஞ்சுங்களுக்கு நிழல் புடிக்குதுங்க அது. இரை தேடப் போனா இதுங்க வெயில்ல வதங்கும், போகாம நின்னா பட்டினி. மகராசா, கிளையில மாட்டியிருக்கறது என் கிளிப்பு. மொதல்ல கழட்டுங்க.”

கழற்றினார். வளைத்ததில் கிளை முறிந்து, இலைகள் சருகாகத் தொங்கின. சக்கரவர்த்தி உள்ளே போய், முகங்களுக்கு ஒளி காட்டும் வெள்ளைக் குடையை ஸ்டாண்டோடு தூக்கி வந்து கூட்டுக்கு மேலே நிறுத்தினார். காற்றடித்தால் சாய்ந்தது. சுவரோரமாகப் பதுங்கி உட்கார்ந்து ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தாய்க்குருவி சற்றுநேரம் சந்தேகப்பட்டுவிட்டு, இரை தேடக் கிளம்பியது. கடையில் “ரெண்டு காதும் தெரியணும்” என்று மனைவியின் குரல் கேட்டது.

மூன்றாம் நாள் உச்சிவெயில், நல்ல காற்று. மூத்த குஞ்சு விளிம்பில் ஏறி நின்று நடுங்கியது. காதுக்காரர் கழுத்தில் கேமரா மூடி திறந்தபடி தொங்கியது. அவர் ஒருமுறை கேமராவைப் பார்த்தார், ஒருமுறை குடையைப் பார்த்தார். குஞ்சு தத்தளித்துப் பறந்து எதிர்மதிலில் உட்கார்ந்தது.

மனைவி கதவோரம் வந்து நின்றாள். “எடுத்தீங்களா?”

“சத்தம் போடாத” என்றார், ஸ்டாண்டைப் பிடித்தபடியே. “இன்னும் ரெண்டு உள்ள இருக்கு.”