மூடி வைத்த ஈரப் பொடி

கார்த்திகை, திங்கட்கிழமை. காக்களூர் தொழிற்பேட்டை, பைலட் பிளான்ட். முதல் பேட்ச். பொடி கலக்கப்பட்டது, நீர் தெளிக்கப்பட்டது, உலர்த்திச் சலிக்கப்பட்டது. தண்ணீரில் இட்டபோது கட்டி தட்டியது. நிராகரிக்கப்பட்டது.

புதன்கிழமை. இரண்டாவது பேட்ச். நீர் தெளிக்கும் வேகம் குறைக்கப்பட்டது. கட்டி தட்டியது. நிராகரிக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை. மூன்றாவது பேட்ச். நீர் தெளித்து முடிந்ததும் மின்தடை. பிற்பகலில் மின்சாரம் வந்தது. உலர்த்திச் சலிக்கப்பட்டது. கட்டி தட்டவில்லை. காரணம்:

அந்த இடத்தை அன்று காலியாக விட்டேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவியால் தண்ணீர் குடிக்க முடியாமல் போயிற்று. குழைத்த சோறு இறங்கியது. தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்பி இருமலாக வந்தது. தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி கலந்து தேன் பதத்தில் கொடுக்கச் சொன்னார்கள் மருத்துவர்கள். வாங்கிய பொடி அவளுடைய கோப்பையில் கட்டி கட்டியாக மிதந்தது. நான் வேதிப்பொறியியல் படித்தவன்; முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கற்பித்தவன். மிக்ஸி, பூச்செடிக்குத் தெளிக்கும் தெளிப்பான், சிறிய ஓவன், சல்லடை ஆகியவற்றை வைத்துக்கொண்டு வீட்டுச் சமையலறையில் நானே ஒரு பொடி செய்தேன். அது கரைந்தது. அவள் குடித்தாள்.

பிசியோதெரபிக்குப் போன இடத்தில் மீஞ்சூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் அறிமுகமானார். அவருடைய கணவருக்கும் இதே நிலை. அவருக்கும் மாதந்தோறும் செய்து கொடுத்தேன். ஆடியில் என் மனைவி இறந்தாள். அதன்பின் அந்தச் சமையலறையில் மிக்ஸியைப் போட என்னால் இயலவில்லை. ஆசிரியை தொலைபேசியில் துக்கம் விசாரித்தார். பொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கையிருப்பு எப்போது தீரும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அதனால்தான் காக்களூருக்குப் போனேன். அங்கே சத்துமாவுத் தொழில் நடத்துபவர் பழவேற்காட்டு முஸ்லிம் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம் ஷெட் ஒன்றை எனக்கு ஒதுக்கினார். இங்கே சரிவந்தால் கும்மிடிப்பூண்டியில் பெரிய ஆலையில் போடுவதாக ஏற்பாடு. டம்ளரில் வந்தது டிரம்மில் வருமா என்பதைச் சிறிய அளவில் தோற்றுப் பார்க்கும் இடமே பைலட் பிளான்ட். மூன்று பேட்ச் வரை பார்க்கலாம், பிறகு ஷெட் மசாலா பேக்கிங்குக்கு வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதில் தவறில்லை.

வெள்ளிக்கிழமை மின்சாரம் போனதும் நான் நடக்கத் தொடங்கினேன். ஆடியிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. உட்கார்ந்தால் எதையோ செய்யாமல் விட்டதுபோல் கை எழும்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவர். பாத்திரத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“இன்னா சார், ஷெட்டச் சுத்திக்கினே கீறீங்க? கோயிலா இது?”

“பொடி ஈரமா நிக்குது.”

“நீங்க நடந்தா காஞ்சிருமா? மூடியாச்சும் போடறேன், ஈ வுழும்.”

முதலாளி உள்ளே வந்து மேலே விளக்கைப் பார்த்தார். “பேஜாரா இருக்கு சார். ஜெனரேட்டர் மில்லுக்கே பத்தல. இதைக் கொட்டிடலாமா?”

“வேண்டாம். காயவெச்சுப் பார்த்துட்டுக் கொட்டலாம்.”

“இன்னாத்துக்கு பாய் அவசரம்? கரண்டு வரட்டும்,” என்றார் அந்த அம்மாள். பிறகு என்னிடம், “நாஷ்டா துன்னீங்களா சார்?”

“ஆச்சு.”

“பொய்யி. மூஞ்சியே சொல்லுது.”

பிற்பகலில் மின்விசிறி சுழன்றது. பொடியை உலர்த்தினோம், சலித்தோம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டேன். பொடி பரவி, இறங்கி, காணாமல் போயிற்று. தண்ணீர் மெல்லக் கனத்தது.

“அட, கரைஞ்சிருச்சி! ஈ.பி.காரனுக்கு டீ வாங்கிக் குடுங்க பாய்.”

முதலாளி சிரித்தார். “கும்மிடிப்பூண்டிக்கு என்னன்னு எழுதறது சார்? தண்ணி தெளிச்சதும் மெயினை ஆஃப் பண்ணவும்னா? வீட்ல எப்படிப் பண்ணீங்க? அங்கயும் கரண்ட் கட்டா?”

வீட்டில் மின்தடை இல்லை. நீர் தெளித்து முடித்ததும் பாத்திரத்தை மூடிவிட்டு உள்ளே போவேன். அவளை ஒருக்களித்துப் படுக்கவைப்பேன். முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவேன். விரிப்பை மாற்றுவேன். அவள் ஏதேனும் சொல்ல முயல்வாள், புரியும்வரை நிற்பேன். பிறகு கை கழுவி வந்து பாத்திரத்தைத் திறப்பேன். அதற்குள் ஈரம் ஒவ்வொரு துகளுக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பைலட் பிளான்ட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த செய்முறையில் அது இல்லை. அந்த நேரத்தில் பொடிக்கு நான் எதுவும் செய்யவில்லை. ஆகவே அதை ஒரு படியாக எண்ணவே இல்லை.

“தெளிச்ச பிறகு மூடி வைக்கணும்,” என்றேன். “வீட்லயும் வெச்சிருந்தேன்.”

“எவ்ளோ நேரம்?”

அது அவளுக்கு அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது.

“அளந்ததில்லை. இனிமேதான் அளக்கணும்.”

முதலாளி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “சரி, அடுத்த வாரமும் ஷெட்டை வெச்சுக்கங்க. மசாலா எங்க ஓடிடப் போவுது.”

அந்த அம்மாள் ஒரு நாற்காலியைத் தூசி தட்டி எனக்குப் பின்னால் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

இன்னும் செய்யாதவை:

மூன்றாவது பேட்ச்சில் ‘காரணம்’ என்ற இடத்தை நிரப்புவது.

மூடி வைக்கும் நேரத்தைக் கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று தனித்தனியே வைத்துச் சோதிப்பது.

கும்மிடிப்பூண்டிக்கான செய்முறையில் அந்தப் படிக்கு ஒரு பெயர் வைப்பது.

அவளுக்காக வாடகைக்கு எடுத்த கட்டிலைத் திருப்பி அனுப்புவது.

பொடியை உட்கொள்ளலாம் என்று ஆய்வக அறிக்கை வந்ததும் ஒரு டப்பாவோடு மீஞ்சூருக்கு நேரில் போவது.