மிதந்த செல்கள்

என் தங்கை முத்துலட்சுமி பெரிய சுத்தக்காரி. உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டில் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டால், மிதக்கும் பதரை வழித்துக் கொட்டுவது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. ஒன்றுகூட விடமாட்டாள். அந்தக் கைப்பழக்கம் மதுரை ஆய்வுக்கூடம் வரைக்கும் கூடவே போனதுதான் வினை.

அவள் ஆராய்ச்சி ஒருவகை வெள்ளணுவைப் பற்றியது. அது கிருமியை விழுங்கி, துண்டு துண்டாக்கி, அதில் ஒரு துண்டைத் தன் மேல் ஏந்தி டி செல் என்கிற இன்னொரு வெள்ளணுவிடம் காட்டும். பார்த்தால்தான் டி செல் பெருகிச் சண்டைக்குக் கிளம்பும். காட்டு, காட்டாதே என்று உத்தரவு போடுவது சைட்டோகைன் என்கிற புரதங்கள். திராட்சை வியாபாரி எனக்கே இவ்வளவு புரியவைத்துவிட்டாள் என்றால் பாருங்கள்.

ஆனால் அவள் செல் வளர்க்கும் தட்டில் டி செல் அசையவே இல்லை. "இந்தத் தடவையும் வரலைன்னா தலைப்பை மாத்திரலாம்" என்று வழிகாட்டி ஜெபராணி சொல்லிவிட்டார். நாலு வருட உழைப்பு. போனில் அழுதாள். "இங்கன வந்துரு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கடைசித் தட்டைக் கழுவும்போது அவளுக்கு ஒரு சந்தேகம்: செத்ததுதான் மிதக்கும் என்று கொட்டுகிறோமே, இத்தனையுமா செத்துப்போகும்? கொட்டப்போன நீரில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். மிதந்தவை எல்லாம் உயிரோடு, கை கால் நீட்டிக்கொண்டு இருந்தன. சைட்டோகைன் ஊற்றி வளர்த்தால் அவள் தேடிய செல்கள் அடியை விட்டு மிதக்குமாம். முதல் நாள் மிதப்பதைத்தான் கொட்டச் சொல்லியிருந்தார்கள். இவள் பதர் வழித்த பழக்கத்தில், கடைசி நாள் மிதந்ததையும் கொட்டியிருக்கிறாள்.

அந்த நீரைக் கொட்டாமல் டி செல்லோடு சேர்த்து வைத்தாள். அடுத்த வாரம் போன் வந்தது.

"அண்ணே, டி செல் பெருகிருச்சு! மேடம் சிரி சிரின்னு சிரிச்சாக. அப்புறம் கட்டிப் பிடிச்சுக்கிட்டாக."

இன்று அவள் டாக்டர் முத்துலட்சுமி. சந்தையில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். எனக்கு அவ்வளவு பெருமை.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தாள். விதைநெல்லை அண்டாவில் போட்ட ஆத்தா, பதரை வழிக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஏத்தா, இதக் கொட்டலாமா? நீ ஒருக்கா பாத்துச் சொல்லு."

தங்கை குனிந்து நன்றாகவே பார்த்தாள்.

"கொட்டும்மா, பதருதான்."

ஆயுசு முழுக்கப் பதர் வழித்த ஆத்தா, அதற்குப் பிறகுதான் கொட்டினாள்.