பாதைக்குக் குறுக்கே போட்ட கொப்பு

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது தாண்டித்தான் பேனை பிடித்தேன். 'ழ' இன்னும் என் சொல் கேட்பதில்லை. நான் தாளில் எழுதுவதை மகள் படம் பிடித்து முகநூலில் போடுவாள். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது... ஆறினதும் இனிக்கத்தான் செய்கிறது.

வெயிலில் பழுத்த பாலைப்பழத்தின் வாசம் தெரியுமா? தேனைச் சூடாக்கினது போல இருக்கும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. விசுவமடுவில் எங்கள் வளவுக்குள், யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் தரப்பாள் கூடாரம் கட்டி இருந்தது. சிவம், மனைவி மலர், சின்ன மகள் துளசி. குண்டு போடும் கிபிர் விமானங்களின் சத்தம் கேட்டுக் கேட்டுப் பயந்த பிள்ளை அது. பங்கர்க் குழி வாசலை விட்டு விளையாட வராது.

"பிள்ளையை ஒருக்கால் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவம்," என்றேன்.

பாலைப்பழக் காலத்தில் காட்டுக் குளக்கரையில் தங்கி, சமைத்து, குளித்து, பழம் தின்று மறுநாள் திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம்.

சிவம் சிரித்தார். "இஞ்சையும் தரப்பாள், அங்கையும் தரப்பாள். நல்ல சுற்றுலா அண்ணை."

"அங்கை கட்டுறது விரும்பிக் கட்டுற தரப்பாள், தம்பி," என்றாள் என் மனைவி பாக்கியம்.

போகிற நாள் காலை மலருக்கு நிவாரண அரிசி எடுக்க வேண்டியிருந்தது. "நீங்கள் வண்டிலிலை முன்னுக்குப் போங்கோ அண்ணை. நானும் துளசியும் பிறகு நடந்து வாறம்."

விறகுக்குப் போகும் சனம் நடமாடும் பாதைதான். "வழி பிரியிற இடத்திலை மரக்கொப்பு முறிச்சுப் போட்டிருப்பன் பிள்ளை. பாத்து வா," என்றேன்.

குளக்கரை மருத மரத்தடியில் தரப்பாள் கட்டினோம். பாக்கியம் கல் வைத்து உலை ஏற்றினாள். சோறு வடித்தாயிற்று, கறியும் இறக்கியாயிற்று... அவர்கள் வரவில்லை.

"இஞ்சருங்கோ, அதுகள் வழி மாறிட்டுதுகளோ?" என்றாள் பாக்கியம்.

"எப்பிடி மாறும்? கொப்புப் போட்டனான்தானே."

"எந்தப் பாதையிலை போட்டனீங்கள்?" என்று சிவம் கேட்டார்.

"போகக்கூடாத பாதைக்குக் குறுக்காலை."

சிவம் எழும்பிவிட்டார். "அண்ணை... அவள் கொப்புக் கிடக்கிற பாதையாலைதான் போயிருப்பாள். நானெண்டாலும் அப்பிடித்தான் போயிருப்பன்."

குறுக்கே கிடக்கும் கொப்பு மூடின வாசற்படலை மாதிரி என்பது எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும். அதை ஒருவருக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாதை பாலை மரங்கள் நிறைந்த பக்கம் போவது. பழக் காலத்தில் கரடியும் அங்கேதான் வரும்.

ஓடினோம். பாதை பிரியும் இடத்தில் கொப்பு அப்படியே கிடந்தது. அதற்கு அப்பால் மண்ணில் ஒரு சின்னச் செருப்பின் அடையாளம்.

காட்டில் நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கூ' என்று கூக்காட்டுவோம். கேட்டவர் திருப்பிக் கூக்காட்ட வேண்டும். நான் கூக்காட்டினேன்... பதில் இல்லை. சிவம் பேர் சொல்லியே கத்தினார். அதற்கும் இல்லை. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு வளைவு திரும்பினோம். பாலை மரத்தடியில் தாயும் மகளும் சப்பாணி கட்டி இருந்தார்கள். மடி நிறையப் பழம்.

"கூப்பிட்டது கேக்கேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே சிவம் ஓடினார்.

மலர் தன் வாயைச் சுட்டிக் காட்டினாள். பாலைப்பழத்தின் பால் இருவருடைய உதடுகளையும் ஒட்டிவிட்டிருந்தது. துளசி வாயைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிவம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் வாங்கின மூச்சு இன்றைக்கும் நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக இருக்கிறது.

குளக்கரைக்குக் கூட்டிவந்து, பாக்கியம் தேங்காயெண்ணெய் பூசி உதட்டைப் பிரித்துவிட்டாள். துளசி சொன்ன முதல் வார்த்தை: "இன்னும் பழம் இருக்கோ?"

"அண்ணை, ஒரு கடுதாசித் துண்டிலை எழுதி மரத்திலை குத்தியிருக்கலாமே," என்றாள் மலர்.

"காட்டிலை துண்டை ஆர் வாசிக்கிறது, கரடியோ?" என்றேன். மலரும் சிவமும் சிரித்தார்கள். எனக்கு எழுதத் தெரியாது என்பது பாக்கியத்துக்கு மட்டுந்தான் தெரியும். அவள் சிரிக்காமல் எனக்கு முதலில் சோறு போட்டாள்.

பின்னேரம் முழுவதும் துளசி குளத்துத் தண்ணீரை விட்டு ஏறவில்லை. ஒருதரம்கூட வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

போன மாதம் மகள் என்னைக் கிளிநொச்சியில் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். கல் பதித்த பாதை, ஊஞ்சல், குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துச் சாப்பிடும் சனம். பாதை பிரியும் இடத்தில் ஒரு பலகை. மகள் வாய் திறக்க முதல் நானே வாசித்தேன். "குளக்கரைக்குச் செல்லும் வழி." வாசித்து முடிக்கும்வரை எனக்குப் பின்னால் வந்தவர்கள் பொறுமையாக நின்றார்கள். அங்கே எவரும் வழி மாறிப்போக மாட்டார்கள்... பாலைப்பழமும் கிடைக்காது.

மலர், கனடாவில் இருந்து இதைப் பார்ப்பாய் என்று மகள் சொல்கிறாள். நீ அன்றைக்குக் கேட்ட துண்டு இதுதான் பிள்ளை. எழுதிமுடிக்கக் கொஞ்சம் சுணங்கிவிட்டது. நீ ஏதாவது எழுதினால் இனி ஒருவரும் எனக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை. நானே எழுத்துக்கூட்டி வாசித்து, அடுத்த கிழமை என் கையாலேயே மறுமொழி எழுதுவேன்.