திங்கட்கிழமை சிவப்பு மூடி

அறிவியல் பாடத்தோடு 'மாணவர் நலன்' என்ற பொறுப்பையும் என் தலையில் கட்டியபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். அதற்குப் பள்ளியே அனுமதி கொடுத்தால் கசக்குமா? கடப்பாக்கத்தை ஒட்டிய தனியார் பள்ளி அது.

ஏழாம் வகுப்பு வாசலில் ஒரு பலகை மாட்டினேன். ஆளுக்கொரு ஆணி. தண்ணீர் பாட்டில் மூடிகளுக்கு வண்ணம் அடித்து ஒரு கூடையில் போட்டு வைத்தேன். மனசு நன்றாக இருந்தால் பச்சை, சரியில்லை என்றால் சிவப்பு. காலையில் வந்ததும் அவரவர் ஆணியில் மாட்ட வேண்டும். மூன்று சிவப்பு சேர்ந்தால் வீட்டுக்குப் போன். ஒரு பருவம் முழுக்கப் பச்சையே மாட்டினால் பேனா பரிசு. இந்தப் பரிசு யோசனையும் என்னுடையதுதான். அதில் எனக்கு ஏகப் பெருமை.

முதல் பருவத்தில் ஒரே ஒரு பெண்தான் பேனா வாங்கினாள். அமைதியான பிள்ளை, அத்தை வீட்டில் தங்கிப் படிப்பவள். அவளுக்குப் பக்கத்தில் உட்காருபவள் வகுப்பிலேயே பெரிய வாயாடி. ஆனால் திங்கட்கிழமை தவறாமல் இந்த வாயாடியின் ஆணியில் சிவப்பு தொங்கும். செவ்வாய்க்கிழமை பச்சைக்குத் திரும்பிவிடும்.

ஏன் திங்கள் மட்டும்? எனக்கு மண்டை குடைந்தது. அன்றைக்குக் கணக்குத் தேர்வு ஏதும் இருக்கிறதா என்று அட்டவணையைப் பார்த்தேன், இல்லை. வேனில் யாராவது வம்பு செய்கிறார்களோ என்று, அச்சரப்பாக்கத்திலிருந்து அவள் வரும் வேனிலேயே ஒருநாள் ஏறி வந்தேன். வழிநெடுக அவள்தான் மற்றவர்களை வம்புக்கு இழுத்தாள்.

விதிப்படி அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். அலறியடித்துக்கொண்டு வந்தார்.

"வூட்ல நல்லாத்தான் கீறா மிஸ். நாஸ்தாவுக்கு ஆறு இட்லி துண்றா. அவளுக்கு இன்னா கொறச்ச?" என்றவர், மகளை நாலு திட்டு திட்டிவிட்டுப் போனார். அடுத்த திங்களும் சிவப்பு.

பொறுக்க முடியவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை சீக்கிரமே போய் வகுப்பு ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இருவரும் சேர்ந்து வந்தார்கள். அமைதியானவள்தான் கூடையிலிருந்து சிவப்பை எடுத்தாள். வாயாடி அதைப் பிடுங்கித் தன் ஆணியில் மாட்டிவிட்டு, தோழியின் ஆணியில் ஒரு பச்சையை மாட்டினாள். இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

கைகழுவும் குழாயடியில் வாயாடியைத் தனியாகப் பிடித்தேன். முதலில் மழுப்பினாள். விடவில்லை.

"அவங்கம்மா மெட்ராஸ்ல ஒரு வூட்ல தங்கி வேல செய்றாங்க மிஸ். ஞாயித்துக்கெழம வருவாங்க, திங்கக்கெழம விடியகாத்தால பஸ் ஏறிடுவாங்க. அன்னிக்கிப் பூரா அவளுக்கு அழுவாச்சியா வரும்."

"அதுக்கு நீ எதுக்கு சிவப்பு மாட்டுற?"

"அவ மாட்னா நீங்க அவங்க அத்தைக்குப் போன் பண்ணுவீங்க. 'இங்க புடிக்கலன்னா ஆஸ்டலுக்குப் போ'ன்னு அது ஏற்கெனவே சொல்லிகினு கீது. போயிட்டா எங்கூட எப்டிப் படிப்பா? எங்கம்மா வந்தா திட்டிட்டுப் போயிடும், அவ்ளோதான்."

"ரெண்டு பேருமே பச்சை மாட்டியிருக்கலாமே?"

"நானும் அதான் சொன்னேன். அது பொய்யாயிடுமாம் மிஸ். எங்கயாச்சும் ஒரு செவப்பு தொங்கணும்னு சொல்லிட்டா. அதான் நானே மாட்டிக்கினேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழாமல் இருந்ததற்கா ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுத்தேன்? அன்றே தலைமை ஆசிரியரிடம் போய்ப் பரிசை நிறுத்தினேன். பிள்ளையைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் செய்வதில்லை என்றும் முடிவானது. வகுப்பில் இரண்டையும் சொன்னேன். அமைதியானவள் தலை நிமிரவில்லை.

அடுத்த திங்கள் சிவப்பு மூடி அவளுடைய ஆணியிலேயே தொங்கியது. மணி அடிப்பதற்கு முன் என் மேசைக்கு வந்து பேனாவை வைத்தாள்.

"இது எனக்குச் சேராது மிஸ். இதுல ஒரு எழுத்துகூட நான் எழுதல."

இத்தனை நாள் துப்பு துலக்கிய எனக்குக் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

"அம்மா இந்நேரம் பஸ்லதான் இருப்பாங்க. பேசறியா?" என்று என் போனை நீட்டினேன்.

எண்ணை அவள் யோசிக்காமலே அழுத்தினாள்.