அம்மா தோற்ற ஒரே சோதனை

அம்மா போன மாதம் ஒன்பதாம் தேதி இறந்துபோனாள். அதற்குப் பிறகு தொலைபேசியில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: ராணுவக்காரன் பெண்டாட்டி, எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள். கஷ்டப்பட்டாள்தான். ஆனால் பெரும்பாலான நாட்களில் அவள் நன்றாகவே இருந்தாள். அதையும் யாராவது எழுத வேண்டும்.

அப்பா ராணுவத்தில் வயர்லெஸ் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷத்தில் பதினொரு வீடு. எல்லாம் குவார்ட்டர்ஸ். முன்னறை, பின்னறை, சமையலறை, குளியலறை. வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. கதவில் வெள்ளைப் பெயின்ட்டில் எண். ஊர் மாறும், வீடு மாறாது. புது ஊரில் முதல் நாளே சுவிட்ச் எங்கே என்று கைக்குத் தெரியும். ஜன்னல்களின் உயரம் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடும். அதனால் அம்மா திரைச்சீலைகளை ஒரு முழம் கூட்டித் தைத்து, அடியில் மடித்து வைத்திருப்பாள். உயர ஜன்னல் வந்தால் மடிப்பைப் பிரிப்பாள். குட்டை ஜன்னல் வந்தால் திரும்ப மடிப்பாள்.

வரிசைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கினால் அம்மா டீயோடு போய் நிற்பாள். ஆறுதல் சொல்லமாட்டாள். தகவல் சொல்வாள்.

"தண்ணி காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும்தான். சங்கு ஊதினா பதறாதே, அது மணி சொல்றது. உன் வீட்டுக்காரர் ரெண்டு நாள்ல வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போனா ரெண்டு வாரம்னு எடுத்துக்கோ. ரெண்டு வாரம்னு சொன்னா எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடு."

"லெட்டரெல்லாம் வருமாக்கா?"

"வரும். நாலு லெட்டர் ஒரே நாள்ல வரும். உறை மேல நம்பர் போட்டு அனுப்பச் சொல்லு. இல்லன்னா காய்ச்சல் போயிடுச்சுன்னு முதல்ல படிச்சுட்டு, காய்ச்சல் வந்திருக்குன்னு அப்புறம் படிச்சு அழுதுக்கிட்டு உட்கார்ந்திருப்பே."

பெண்கள் அவளுக்கு 'என்கொயரி அக்கா' என்று பேர் வைத்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது.

அவளுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. மாற்றல் வந்து வீட்டை ஒப்படைக்கும்போது ஸ்டோர்கீப்பர் வந்து சோதிப்பார். குழாய், ஜன்னல், கதவு, சுவர் எல்லாம் பார்ப்பார். குறை இருந்தால் சாவியை வாங்கமாட்டார். மற்ற வீடுகளில் இரண்டு முறை, மூன்று முறை வருவார். முதல் எட்டு வீடுகளில் ஒன்றில்கூட அம்மா அவரைத் திரும்ப வரவைத்ததில்லை. காரணம் எளியது. வீடு கைக்கு வந்த அன்றே அவள் பழுதுபார்க்க ஆரம்பித்துவிடுவாள். புகார் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. குழாய்க்குள் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடுவாள். கதவுக் கீலைக் கம்பியால் கட்டுவாள். ஓட்டை ஜன்னலுக்கு அட்டை வெட்டி ஒட்டி, கண்ணாடியின் நிறத்துக்கே பெயின்ட் அடிப்பாள்.

ஒன்பதாவது வீட்டில் இருந்தபோது நான் பள்ளி இறுதி வகுப்பு. அது என் ஏழாவது பள்ளி. பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கையில் அப்பாவை மலைக்கு மாற்றினார்கள். அங்கே குடும்பத்துக்கு இடமில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் பள்ளி ஆண்டு முடியும்வரை வீட்டை வைத்துக்கொள்ள மனு போடலாம். ஆனால் மனுவைப் படையில் இருப்பவர்தான் போட வேண்டும். மனைவி போட்டால் செல்லாது. அப்பா போட்டுவிட்டுத்தான் போனார். பழைய யூனிட்டின் எழுத்தர், ஆள் எங்கேயோ காகிதமும் அங்கே என்று அதை மலைக்கு அனுப்பிவிட்டார். மனு அப்பாவைத் தேடி ஏறிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு உத்தரவு வந்தது. பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

போக இருந்த ஒரே இடம் சித்தப்பா வீடு. ரயிலில் இரண்டு நாள். பரீட்சையை இங்கேதான் எழுத முடியும். வெளியே வாடகை வீடு அந்த ஊரில் கிடையாது. ஊர் என்பதே முகாம்தான். போனால் எனக்கு ஒரு வருஷம் போய்விடும்.

அம்மா உத்தரவை இரண்டு முறை படித்து, மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் முக்காலியைப் போட்டு ஏறி, சமையலறைக் குழாயைத் திறந்து சைக்கிள் டியூபை எடுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

"மூட்டை கட்டுறேன்."

கதவுக் கம்பியை அவிழ்த்தாள். ஜன்னல் அட்டையைப் பெயர்த்தாள். குளியலறைக் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்த துணியையும் தாரையும் சுரண்டி எடுத்தாள். ஒன்றையும் உடைக்கவில்லை. தான் போட்டதைத் தான் எடுத்தாள், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் வீடு எங்கள் கைக்கு வந்த நாளின் நிலைக்குத் திரும்பியது. மறுநாள் காலை தண்ணீர் வந்ததும் சமையலறைக் குழாய் நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு சொட்டியது. எண்ணிப் பார்த்தேன்.

பதினைந்தாம் நாள் காலையில் ஸ்டோர்கீப்பர் வந்தார். தொந்திக்குக் கீழே பெல்ட், கையில் டார்ச், காதில் பென்சில். வாசலிலேயே சிரித்தார்.

"உங்க வீட்டுக்கு வந்தா எனக்கு வேலையே இல்லம்மா. எங்கே கையெழுத்து?"

"உள்ளே வந்து பாருங்கண்ணா."

கதவைத் தள்ளினார். கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழாயைத் திருகினார். தண்ணீர் அவர் சட்டையில் அடித்தது. ஜன்னல் வழியாகக் காற்று வந்து அவர் காகிதத்தைத் தூக்கியது.

"போன மாசம் இந்தப் பக்கம் வந்தப்போ எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதெல்லாம் என் சாமான்ண்ணா. கிளம்பறப்போ என் சாமானை நான் எடுத்துக்கிட்டுத்தானே போகணும்?"

அவர் அம்மாவைப் பார்த்தார். பின்னறையில் புத்தகங்களுக்கு நடுவே இருந்த என்னைப் பார்த்தார்.

"பாப்பாவுக்குப் பரீட்சை எப்போ முடியுது?"

"அடுத்த மாசம் இருபத்தி நாலு."

பென்சிலை எடுத்து, 'ஏற்கத் தக்க நிலையில் இல்லை' என்று எழுதினார். சாவி அம்மாவிடமே இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே வீட்டுக்குப் பொறுப்பு. பொறுப்பானவர் வீட்டை விட்டுப் போகக் கூடாது. விதி அப்படி.

அன்று வரிசை முழுக்க இதே பேச்சு. அடுத்த வீட்டு பேண்ட் மாஸ்டரின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "என்ன என்கொயரி அக்கா, நீங்களே ஃபெயிலாமே! அப்ப நாங்கல்லாம் எங்கே போறது?" அம்மா சிரித்தாள். உள்ளே வந்ததும் முகத்தைக் கழுவினாள், வழக்கத்தைவிட அதிக நேரம்.

அவள் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. பழுதுபார்க்கும் ஆட்கள் வர ஒரு மாதமாகும் என்பது அவள் கணக்கு. என்கொயரி அக்கா வீட்டுக் குழாய் என்று தெரிந்ததும் பிளம்பர் மூன்றாம் நாளே வந்துவிட்டார். "உங்களுக்குன்னா லீவு நாள்லகூட வருவேன்க்கா." தச்சர் மறுநாள். கண்ணாடிக்காரர் அந்த வாரமே. அம்மா ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தாள். நன்றி சொன்னாள். அவர்கள் போனதும் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

மிஞ்சியது ஒரு சுவர். குளியலறைக் குழாயை மாற்ற பிளம்பர் அதை ஒட்டிய பின்னறைச் சுவரை உடைத்திருந்தார். கொத்தனார் பூசிவிட்டுப் போனார். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் வெள்ளையடிக்கலாம். வெள்ளையடித்த பிறகுதான் சாவி. ஸ்டோர்கீப்பர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து சுவரில் உள்ளங்கையை வைப்பார். "ஈரம்" என்று எழுதுவார். நான் அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஈரம் தினமும் ஓரத்திலிருந்து சுருங்கியது. அதற்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். என் கணக்குப்படி முதல் பரீட்சைக்கு முந்திய நாள் காய்ந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு அடுத்து அந்த வீட்டுக்கு வரவேண்டியவள் வந்தாள். லாரி டிரைவரின் மனைவி. இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. தற்காலிக அறை ஒன்றில் தங்கியிருந்தாள்.

"எப்பக்கா காலி பண்றீங்க?"

அம்மா அவளை உள்ளே கூப்பிட்டுச் சுவரைக் காட்டினாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். என் பரீட்சை, காணாமல்போன மனு, சைக்கிள் டியூப் எல்லாம்.

"உனக்கு அங்கே கஷ்டமா இருந்தா சொல்லு. நான் பெரிய ஆபீஸ்ல போய் உள்ளதைச் சொல்லிட்டு நாளைக்கே சாவியைக் கொடுத்துடறேன். இவ அடுத்த வருஷம் எழுதட்டும்."

நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் அங்கே இருந்தது.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றினாள். "அந்த ரூம்ல ஒண்ணும் கஷ்டமில்லக்கா. துணி காயத்தான் இடமில்ல. இவன் ஒரு நாளைக்குப் பதினாறு துணி நனைக்கிறான். வெளியே வேற மழை."

அம்மா ஈரச் சுவரைப் பார்த்தாள். பிறகு கொடிக்கயிறு எடுத்துவந்து சுவருக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டினாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் டிரைவர் மனைவி வாளியோடு வருவாள். பதினாறு ஈரத்துணி. ஜன்னலில் புதுக் கண்ணாடி. காற்று வர வழியில்லை. துணி காய்ந்தது, சுவர் காயவில்லை. என் பென்சில் கோடு ஒரே இடத்தில் நின்றது. ஸ்டோர்கீப்பர் குழந்தைத் துணிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து, சுவரைத் தொட்டு, "ஈரம்தாம்மா" என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு போவார்.

அப்பாவின் பதினான்காம் எண் கடிதம் அப்போது வந்தது. "நீ என்ன செய்கிறாய் என்று புரிகிறது. புரியவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தார். மனு அவர் கைக்கு வந்துவிட்டதாகவும், கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். அது எங்களை வந்து சேரவே இல்லை.

இருபத்தி நாலாம் தேதி கடைசிப் பரீட்சை. அன்று மதியம் கொடியை அவிழ்த்தோம். மூன்று நாளில் சுவர் காய்ந்தது. நான்காம் நாள் வெள்ளையடித்தார்கள். ஐந்தாம் நாள் ஸ்டோர்கீப்பர் கையெழுத்திட்டுச் சாவியை வாங்கி, அங்கேயே டிரைவர் மனைவியிடம் கொடுத்தார். அவள் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினாள். பின்கதவுத் தாழ்ப்பாள் மட்டும் இறுக்கமாக இருந்தது. அம்மாவின் கை தானாகப் பைக்குள் எண்ணெய்ப் புட்டியைத் தேடிப் போனது. போன கையை வெளியே எடுத்தாள்.

"அதையும் குறைன்னு அவர்கிட்ட எழுதி வாங்கிக்கோ" என்றாள்.

ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் அம்மா என்னைக் கேட்டாள். அந்த ஏழு வாரத்தில் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

"பாஸ் ஆயிடுவியா?"

"ஆயிடுவேன்."

"அப்ப சரி" என்றாள். ஜன்னலில் தலையைச் சாய்த்து உடனே தூங்கிப்போனாள்.