அனுமதி இலவசம்

அம்பத்தூரில் நானும் என் அறைத்தோழனும் ஒரு நிகழ்ச்சி இதழ் நடத்தினோம். ஆவடி முதல் பூந்தமல்லி வரை அந்த வாரம் எங்கே கச்சேரி, எங்கே நாடகம், எங்கே பட்டிமன்றம் என்று சொல்லும் நான்கு பக்கம். ஐ.டி. வேலை போக மிஞ்சிய நேரத்தில் தயாரித்து, டீக்கடைகளிலும் ரயில் நிலைய வாசலிலும் சும்மா வைத்துவிட்டு வருவோம். மறுநாள் அதில் பஜ்ஜி எண்ணெயை ஒற்றிக்கொண்டிருப்பார்கள். இதை யாராவது படிக்கிறார்களா என்ற கேள்விதான் எங்களைத் தின்றது.

"நம்மளப் பார்த்துட்டு ஒருத்தராவது கச்சேரிக்குப் போகணும்டா. இல்லன்னா பொங்கலோட மூட்டை கட்டிடலாம்" என்றான் தோழன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம் ஒரு மெல்லிசைக் குழுக்காரர் தன் கச்சேரித் தேதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்படியே போட்டேன். பழக்கதோஷத்தில், எல்லாவற்றுக்கும் கீழே 'அனுமதி இலவசம், அனைவரும் வருக' என்றும் சேர்த்துவிட்டேன்.

மழை விட்ட சனிக்கிழமை மாலை, கூட்டம் வருகிறதா என்று பார்க்க, அவர் பட்டியலில் இருந்த திருமழிசை மண்டபத்துக்குப் போனோம். வாசலில் வாழைமரம். மேடையில் மாலையும் கழுத்துமாக மணமக்கள். கல்யாண வரவேற்பு! குழுக்காரர் அனுப்பிய தேதிகளில் கல்யாணக் கச்சேரியும் இருந்திருக்கிறது. தோழன் பேயறைந்தவன்போல் நின்றான். எங்கள் இதழும் கையுமாகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். என் வாயோ அடக்கமாட்டாமல் சிரித்தது.

வந்தவர்களில் ஒருவர் பெண்ணின் அப்பாவையே நிறுத்தி, "கச்சேரி எப்ப சார் ஆரம்பம்?" என்று இதழை நீட்டினார். அப்பா வாங்கிப் படித்தார். "யாருய்யா இத்தப் போட்டது?" என்று கத்தினார்.

"நான்தாங்க." அதைச் சொல்லும்போதுகூட எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மெய்யாலுமே இத்தப் படிச்சிட்டா இம்மாம் பேரு வந்துகீறாங்க?"

"ஆமாங்க!"

என் முகத்தில் என்ன கண்டாரோ, குபீரென்று சிரித்துவிட்டார். "மாப்ள ஊட்டு வேன் ரெண்டு மழையில மாட்டிகிச்சு. சோறு மிஞ்சிப் பூடுமேன்னு நானே கவலைப்பட்டுகினு கீறேன். போங்க, ரெண்டு பேரும் சாம்பார் வாளியத் தூக்குங்க."

தூக்கினோம். எங்கள் வாசகர்களை முதன்முதலாகப் பார்த்தோம், வரிசையாக, இலை போட்டு. தலைகால் புரியாமல் ஒருவருடைய பாயசத்தில் சாம்பாரை ஊற்றினேன்.

பந்தியின் கோடியில் ஓர் அம்மா தோழனைப் பிடித்துக்கொண்டார். "நீதான் அந்த பேப்பர் போடறவனா? எழுத்து ரொம்பப் பொடிசா கீது நைனா. கண்ணாடி போட்டும் தெரியல. வாரா வாரம் கஷ்டமா கீது."

தோழன் வாளியைக் கீழே வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த வாரம் எழுத்தைப் பெருசாக்கணும்டா" என்றான்.