எடுத்துவிட்ட ஒரு பொத்தான்

ஆனிப் பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டம் வடிந்த பிறகு, வேங்கிக்காலில் இருந்த பேச்சுப் பயிற்சி மையத்திலிருந்து அந்த டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. நாங்கள் சொல்வதெல்லாம் புரியும். வாயில் சொல் வராது. திரையில் படத்தைத் தொட்டால் டேப்லெட் அவளுக்காகப் பேசும். ஆடி முடிவதற்குள் பயன் தெரியாவிட்டால், காத்திருக்கும் வேறொரு குழந்தைக்கு அது போய்விடும்.

எனக்கு முதல் நாளே நம்பிக்கையில்லை. உள்ளிருந்து பேசியது யாரோ ஒரு பெண்ணின் குரல். ஜோசியக்காரரின் கிளி சீட்டெடுப்பதைப் போல இவளும் எதையோ தொடுகிறாள் என்றே நினைத்தேன். என் மனைவி முழங்கையால் அவள் கையை நகர்த்துகிறாளோ என்றும் கவனித்தேன்.

சாதமா, பழமா என்று கேட்டால் ஒன்றைத் தொடுவாள், கொடுத்தால் தள்ளிவிடுவாள். பிறகு தட்டைப் பார்த்து "டாட்டா" பொத்தானைத் தொடுவாள். தட்டுக்கு யாராவது டாட்டா சொல்வார்களா? இதை அடுத்த முறை மூவரும் மையத்துக்குப் போனபோது பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னேன், கொஞ்சம் வெற்றிக் களிப்போடுதான்.

அவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"சார், இதுல 'வேணாம்' எங்க? நான் வச்சுத்தானே குடுத்தேன்?"

என் மனைவி தலை குனிந்தாள். "நான்தாங்க மிஸ் எடுத்துட்டேன். முதமுதல்ல குழந்த பேசறதே வேணாம்னா இருக்கணும்? அரிசி தீந்தாக்கூட எங்க வீட்ல இல்லன்னு சொல்லமாட்டோம், நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம்."

"அதான் பாப்பா சோத்துக்கு டாட்டா சொல்லி அனுப்பிச்சிருக்கா" என்றார் அவர்.

பொத்தானைத் திரும்ப வைத்துக் கொடுத்தார். அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. அவளுக்குப் பிடிக்காத வாழைப்பழத்தை நீட்டிப் பார்த்தேன். "வேண்டாம்" என்றது அந்தக் குரல். தற்செயலாக இருக்கலாம் என்று மறுநாளும் நீட்டினேன். மறுபடியும் வேண்டாம். இரண்டு முறை ஒத்துவருவது கிளிக்கும் நடக்கும்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று மையத்தில் முடிவு சொல்வதாக இருந்தது. கிளம்பும்போது டேப்லெட்டைப் பையில் வைக்கப் போனேன். மகள் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திரையைத் தொட்டாள்.

"வேண்டாம்."

நான் கையை எடுக்கவில்லை. அவள் என்னையே பார்த்தபடி மறுபடி தொட்டாள். என் மனைவியின் முழங்கை எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.